ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்?

எனக்கு மேல்நாட்டுச் சங்கீதம் தெரியாது. நம்முடைய சங்கீதமாவது தெரியுமா என்று கேட்டுவிடாதீர்கள். கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டும்போது கூடவே ஆட்டுகிற ஜாதி நான். ஆகையால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு ஒன்றைப் பற்றி நான் விமரிசனம் எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாராவது சிரித்தால், அவர்களோடு சேர்ந்து சிரிக்க நானும் தயார்.

ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு விஷயம் கொஞ்சம் தெரியும். ஒரே கதையைப் பத்துப் பேர் படித்துவிட்டுப் பத்துக் கதைகளாகத் திருப்பிச் சொல்லும்போது எழுதினவனுக்கு ஏற்படுகிற திகைப்பு இருக்கிறதே, அது எனக்கு நன்றாகப் பழக்கம். "அந்தக் கதையில் வருகிறவள் என் அக்காதானே? உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று முன்பின் அறியாத ஒருவர் கடிதம் எழுதுவார். இல்லை என்று பதில் எழுதினால் அவர் மனசு நோகும். ஆமாம் என்றால் அது பொய். சில சமயம், இல்லை என்று எழுதுவதுகூட முழு உண்மை அல்ல என்று தோன்றும்.

இந்தத் திகைப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொண்டிருக்கும் உதாரணம், ஸாம் குக் என்ற பாடகர் 1964ஆம் வருஷம் ஜனவரி 30ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் பதிவு செய்த 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' என்ற பாட்டு. 'ஒரு மாறுதல் வரத்தான் போகிறது' என்று தமிழில் சொல்லலாம். 'வரும்' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. தலைப்பில் இருப்பது பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அல்ல. வாசலில் உட்கார்ந்து பேசுகிறவனின் பேச்சு. அந்தத் 'தான்' அவசியம் வேண்டும். சந்தேகமே இல்லாதவன் 'தான்' போட்டுப் பேசுவதில்லை. நாளைக்குச் சூரியன் உதிக்கத்தான் போகிறது என்று யாராவது சொல்கிறார்களா? உள்ளே எங்கேயோ ஒரு பயம் இருக்கும்போதுதான் மனிதன் அந்த அசைச்சொல்லை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொள்கிறான்.

*

இந்தப் பாட்டு என்னிடம் வந்தது தற்செயலாக. பழைய இசைத்தட்டுகள் சேர்க்கும் நண்பர் ஒருவர், தம்மிடம் இரண்டு பிரதிகள் இருந்ததால் ஒன்றை எனக்குக் கொடுத்தார். நடுவில் பெரிய ஓட்டை உள்ள சின்னத் தட்டு. முதலில் தப்பான பக்கத்தைப் போட்டுவிட்டேன். 'ஷேக்' என்று ஓர் ஆட்டப் பாட்டு. உடம்பைக் குலுக்கச் சொல்கிற பாட்டு. இதற்கா இவ்வளவு பீடிகை என்று எண்ணிக்கொண்டே தட்டைத் திருப்பினேன்.

அப்போது என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மூன்று மாதம் படுத்திருந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டேன் என்று பெயர் பண்ணிவிட்டு, அந்தத் தட்டைச் சன்னமாக வைத்துக் கேட்பேன். சொற்கள் முழுவதும் பிடிபடாத காலத்திலேயே, 'வெகு காலமாகிவிட்டது, வெகு காலமாகிவிட்டது' என்ற பொருளில் வரும் அந்த இடம் மட்டும் நன்றாக விளங்கிவிட்டது. எனக்கு அது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பாட்டு. மாறுதல் என்றால் காய்ச்சல் இறங்குவது. டாக்டர் நாளைக் காலையில் வந்து, "கொஞ்சம் தேவலை" என்று சொல்வது.

ஒரு நாள் உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "யாருடா அது, இந்த நேரத்திலே அழுகிறது?"

"அழுகை இல்லை அம்மா, பாட்டு."

"பாட்டா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, இருக்கட்டும். நிறுத்தாதே."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஸாம் குக் யார் என்பது எனக்கே தெரியாது. இருந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில் அந்தப் பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அப்பா திரும்பி வரவில்லை. மாறுதல் வந்தது, நான் கேட்ட மாறுதல் அல்ல. அதற்காகப் பாட்டின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது தேதி எதுவும் சொல்லியிருக்கவில்லையே!

இப்படியே பல வருஷம் போயிற்று. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த என் அக்கா மகன் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தபோது தட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவன், நடுவில் சட்டென்று விழித்துக்கொண்டான்.

"மாமா, இதிலே ஒரு சரணம் குறைகிறதே?"

"என்னடா குறைகிறது? நான் இருபது வருஷமாக இதைத்தான் கேட்கிறேன்."

"இல்லை மாமா. சினிமாக் கொட்டகைக்குப் போகிற சரணம் ஒன்று உண்டு. அதுதான் பாட்டுக்கே உயிர்."

அன்றைக்கு நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். ஒரு வீட்டில் இருபது வருஷம் குடியிருந்துவிட்டு, அதில் பூட்டிக் கிடந்த அறை ஒன்று உண்டு என்று விருந்தாளி சொல்லித் தெரிந்துகொண்டவனின் வெட்கம்.

*

ஸோல் என்றால் ஆத்மா. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு, கோயில் படியைவிட்டு இறங்கி வீதிக்கு வந்து, கடவுளைப் பாடிய அதே குரலில் காதலியைப் பாட ஆரம்பித்தபோது பிறந்த சங்கீதத்துக்கு அந்தப் பெயர் வந்தது. நம் ஊரில் ஓர் ஓதுவார் பண் மாறாமல் சினிமாவில் காதல் பாட்டுப் பாடினால் என்ன ரகளை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ரகளை அங்கேயும் நடந்தது.

ஸாம் குக் அப்படி இறங்கி வந்தவர். 1931இல் மிஸிஸிப்பி மாகாணத்துக் கிளார்க்ஸ்டேலில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தார். தகப்பனார் மத போதகர். இருபது வயது ஆகுமுன்பே 'ஸோல் ஸ்டிரர்ஸ்' என்ற புகழ்பெற்ற தேவ கீதக் குழுவில் தலைமைப் பாடகரானார். 1957இல் 'யூ ஸென்ட் மீ' என்ற காதல் பாட்டு நாடெங்கும் பரவியது. தேவாலயத்து ரஸிகர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மற்றவர்கள் அள்ளிக்கொண்டார்கள். பட்டுப்போன்ற குரல், அழகிய முகம், வெள்ளைக்காரர் வீட்டுப் பெண்களும் வாங்கும் இசைத்தட்டுகள். யாருக்கும் வலிக்காத பாட்டுகளைப் பாடிச் சௌகரியமாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம்.

1963ஆம் வருஷம் அவரை அப்படி ஓட்டவிடவில்லை. அந்த வருஷம் பாப் டிலன் என்ற வெள்ளைக்கார இளைஞரின் 'புளோயிங் இன் தி விண்ட்' என்ற பாட்டு எங்கும் ஒலித்தது. எத்தனை காலம், எத்தனை காலம் என்று நியாயம் கேட்கிற பாட்டு. எங்கள் கஷ்டத்தைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுதியிருக்கிறான். நான் எழுதவில்லையே என்று குக் மனம் குறுகியதாக அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் மாதம் அவருடைய பதினெட்டு மாதக் குழந்தை வின்ஸென்ட் வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தான். அக்டோபரில் லூயிஸியானா மாகாணத்து ஷ்ரீவ்போர்ட் நகரத்தில், முன்கூட்டி அறை ஏற்பாடு செய்திருந்தும், அவருக்கும் அவர் மனைவிக்கும் தோலின் நிறத்தைப் பார்த்து ஓட்டலில் இடமில்லை என்றார்கள். அவர் வாதாடினார். பிறகு, அமைதியைக் குலைத்ததாகப் போலீஸார் அவரையும் உடன் வந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அமைதியைக் குலைத்தவர் யார் என்பதைச் சொல்ல அந்த நகரத்துக்கு ஐம்பத்தாறு வருஷம் தேவைப்பட்டது. 2019இல் நகர மேயர், குக்கின் மகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

சாவு, அவமானம், இன்னொருவன் பாட்டைக் கேட்டு வந்த பொறாமை: இந்த மூன்றும் சேர்ந்துதான் பாட்டு என்று சொன்னால் ரொம்பச் சுலபமாகக் கணக்குப் போட்டதாகும். கலை அப்படிக் கூட்டல் கணக்கில் வருவதில்லை. ஆனால் பாட்டைக் கேட்கிறவன் இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு கேட்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

*

இனிப் பாட்டுக்குள் போவோம். ரெனே ஹால் என்பவர் வாத்திய அமைப்புச் செய்திருக்கிறார். வயலின் கூட்டம் திரை விலகுவதுபோல எழும்புகிறது. கொம்பு வாத்தியம் ஒன்று தூரத்திலிருந்து விசாரப்படுகிறது. பெரிய முரசு அதிர்கிறது. எளிய மனிதனின் துயரத்துக்கு இவ்வளவு ஜரிகை எதற்கு என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஓட்டல் வாசலில் நிறுத்தப்பட்ட மனிதன், அரண்மனை வாத்தியங்கள் அத்தனையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து அதே வாசலில் நிற்கிறான். ஜரிகை வேண்டியதுதான்.

நதியோரத்தில், ஒரு கூடாரத்தில் பிறந்தேன். அந்த நதியைப் போலவே அன்று முதல் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்ற கருத்தோடு முதல் சரணம் தொடங்குகிறது. போதகர் மகனின் ஜாதகக் குறிப்பு அல்ல இது. புராணத்தில் நாயகனை அறிமுகப்படுத்துவது மாதிரி. ஊர் இல்லை, பெயர் இல்லை, வருஷம் இல்லை. நதிக்கரையில் பிறந்தவன் யார் வேண்டுமானாலும் வந்து அந்தக் கூடாரத்தில் படுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சரணம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. வாழ்வது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் சாகவும் பயமாக இருக்கிறது. வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லையே என்கிறார். யார் சொல்வது இதை? அப்பால் என்ன இருக்கிறதென்று அடித்துச் சொல்லும் தேவாலயத்தில் வளர்ந்து, மோட்சத்தைப் பாடியே பேர் வாங்கினவர்! எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மற்றவர்களை மோட்ச வாசல் வரை கூட்டிக்கொண்டு போன குரல், வாசலில் நின்று 'எனக்குத் தெரியாது' என்கிறது. பாட்டில் நான் கண்ட பெரிய தைரியம் இதுதான். நம்பிக்கைப் பாட்டு என்று பெயர் வாங்கிய பாட்டின் நடுவே இவ்வளவு அவநம்பிக்கையை வைக்க அசாத்திய நேர்மை வேண்டும்.

பிறகு அந்த மூன்றாவது சரணம். சினிமாவுக்குப் போகிறேன், கடைவீதிக்குப் போகிறேன், இங்கே நிற்காதே என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறது. அவ்வளவுதான். கொலை இல்லை, தீ வைப்பு இல்லை. ஒரு மனிதன் சாயங்காலம் பொழுதைப் போக்க வெளியே கிளம்புகிறான். ஊர் அவனை விரட்டுகிறது.

அடுத்து, சகோதரனிடம் உதவி கேட்டுப் போகிறான். சகோதரனோ அவனை மறுபடியும் முழந்தாளிட வைக்கிறான். இந்தச் சகோதரன் யார்? வெள்ளைக்காரனா? தன் இனத்தானா? கூடப் பிறந்தவனா? பாட்டு சொல்லவில்லை. பாகப்பிரிவினை நடந்த எந்த வீட்டில் இதைப் போட்டாலும், சகோதரன் யார் என்பதில் அந்த வீட்டாருக்குச் சந்தேகம் இருக்காது.

கடைசியில், இனித் தாங்கமாட்டேன் என்று நினைத்த நாட்கள் உண்டு. இப்போது தாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது என்று முடிகிறது. ஜெயித்துவிட்டேன் என்று முடியவில்லை. 'தோன்றுகிறது' என்றுதான்.

*

நம்முடைய பழைய இலக்கணத்தில் ஒரு விதி உண்டு. அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் கட்டளையிட்டார். பெயரைச் சொன்னால் அது புறமாகிவிடும். புறப்பாட்டில் மன்னன் பெயர் உண்டு, ஊர் உண்டு, போர்க்களம் உண்டு. பெயர் சொல்லாத காரணத்தால்தான், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒருத்தி கொண்ட பிரிவாற்றாமையை இன்று மாநகர பஸ்ஸில் போகிற பெண் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள முடிகிறது.

ஸாம் குக்கின் பாட்டை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பாட்டு பெரும்பாலும் அகம். மூன்றாவது சரணம் மட்டும் புறம். நதி, வானம், சகோதரன், களைப்பு எல்லாம் எந்த நாட்டுக்கும் பொது. சினிமாக் கொட்டகை வாசலில் விரட்டப்படுவது மட்டும் அந்த நாட்டுக்கு, அந்த நிறத்துக்கு, அந்தக் காலத்துக்கு உரியது. உரிமைப் போராட்டத்தின் ஊர்வலப் பாட்டான 'வீ ஷல் ஓவர்கம்' 'நாம்' என்று பாடியது. அதைக் கூட்டத்தில் கைகோத்துக்கொண்டுதான் பாட முடியும். குக்கின் பாட்டில் 'நான்' மட்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து கேட்கலாம்.

1964 டிசம்பர் 11ஆம் தேதி, முப்பத்து மூன்றாவது வயதில், லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு விடுதியில் ஸாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினொரு நாள் கழித்து, 22ஆம் தேதி, அந்தச் சின்னத் தட்டு வெளியாயிற்று. ஒரு பக்கம் 'ஷேக்'; அதன் முதுகில் இந்தப் பாட்டு. ஆல்பத்தில் முழுசாக இருந்த பாட்டிலிருந்து, வானொலிக்காக, மூன்றாவது சரணத்தை நறுக்கிவிட்டார்கள். ஆட்டப் பாட்டு விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம் வரை போயிற்று. இது 31ஆம் இடத்தோடு நின்றது.

ஆகவே நான் இருபது வருஷம் கேட்டது புறம் நீக்கிய அகம். என் அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதற்குக் கத்தரிக்கோலும் ஒரு காரணம்.

இங்கேதான் எனக்கு உறுத்தல். நறுக்கினவர்கள் பாட்டுக்கு உபகாரம் செய்தார்களா, அபகாரம் செய்தார்களா? விலாசத்தைக் கிழித்துவிட்டதால் அது எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது என்று ஒருவர் வாதாடலாம். எழுதினவன் உயிரோடு இல்லாதபோது அவன் கடிதத்தில் விலாசத்தைக் கிழிப்பது என்ன மரியாதை என்று இன்னொருவர் கேட்கலாம். தீர்ப்புச் சொல்லுமுன், கேட்டவர்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்ப்போம்.

*

முதல் சாட்சி, குக்கின் சீடர் போன்ற இளம் பாடகர் பாபி வோமாக். குக் பாட்டைப் போட்டுக்காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். சாவு மாதிரி இருக்கிறது என்றாராம் வோமாக். குக்குக்கும் உள்ளூர அந்த அச்சம் இருந்ததாம். 1964 பிப்ரவரி 7ஆம் தேதி ஜானி கார்ஸனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பாடினார்; அந்த ஒளிப்பதிவு இன்று கிடைக்கவில்லை. ஊர் ஊராகப் பாடித் திரிந்த மனிதர், தம் பாட்டுகளிலே பெரிய பாட்டை மேடையில் ஒதுக்கியே வைத்தார். முதல் சொந்தக்காரரே அந்த வீட்டில் குடியிருக்கப் பயந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டாவது சாட்சி, அரீதா பிராங்க்ளின். அவருடைய தகப்பனாரும் புகழ்பெற்ற போதகர். குக்கைச் சிறு வயது முதல் அறிந்தவர். 1967இல் இதைப் பாடியபோது அரீதா முன்னால் ஒரு சிறு பீடிகை சேர்த்தார்: ஒரு பழைய சிநேகிதர் சொல்லக் கேட்டேன், நெஞ்சைத் தொட்டது என்று. அதற்குப் பிறகுதான் நதி வருகிறது. கறுப்பின மக்களின் விடுதலையைப் பற்றி அரீதாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும், இறந்துபோன சிநேகிதரின் நினைவு என்ற கதவு வழியாகத்தான் அவர் பாட்டுக்குள் போனார். அதில் சொந்தத் துக்கம் எது, பொதுத் துக்கம் எது என்று பிரித்துக்காட்ட என்னால் முடியாது.

மூன்றாவது சாட்சிதான் என் உறுத்தலுக்குப் பதில் சொன்னார். அவர் ரோஸா பார்க்ஸ். 1955இல் மான்ட்கோமரி நகரத்தில், பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்து ஒரு சரித்திரத்தையே எழுப்பிவிட்ட அம்மையார். 1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, டெட்ராய்டில் அவரும் அவருடைய வயதான தாயாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இந்தப் பாட்டைத்தான் போட்டுக் கேட்டார்கள். ஆத்மாவுக்கு மருந்துபோல இருந்தது என்று பின்னால் அவர் சொன்னதாகப் படித்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். புறத்தின் உச்சியிலே நின்றவர் ரோஸா பார்க்ஸ். விரட்டப்படுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சரணம் பாடி விளக்க வேண்டாம். அன்றைக்கு அவர் ஊர்வலப் பாட்டைத் தேடவில்லை. ஒரு வீடு, ஒரு தாய், ஒரு மகள், ஒரு தட்டு. தேசத்தின் மாபெரும் துக்கம் ஒரு கூடத்துத் துக்கமாகச் சுருங்கி, அழக்கூடிய அளவுக்கு வந்தது. துக்கம் அழக்கூடிய அளவுக்கு வந்தால்தான் மறுநாள் எழுந்திருக்க முடியும். நறுக்கியிருந்தாலும் நறுக்காவிட்டாலும் அந்த வீட்டில் மூன்றாவது சரணம் கேட்டிருக்கும். பாட்டில் இல்லாவிட்டால் கேட்டவரின் வாழ்க்கையில் இருந்தது.

எனக்கு அந்த வாழ்க்கை கிடையாது. ஆகையால் எனக்குச் சரணம் வேண்டும். நான் கண்ட வித்தியாசம் இதுதான்.

நாலாவது சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. 2008 நவம்பரில், குக் வளர்ந்த அதே சிகாகோவில், ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பராக் ஒபாமா தம் வெற்றிப் பேச்சில் இந்தப் பாட்டின் பல்லவியை நினைவூட்டும்படி, வெகு காலமானாலும் மாறுதல் வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். 2009 ஜனவரி 18ஆம் தேதி, வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் முன் பெட்டி லவெட் என்ற கறுப்பினப் பாடகியும் ஜான் பான் ஜோவி என்ற வெள்ளைக்காரப் பாடகரும் சேர்ந்து இதைப் பாடினார்கள். 1963இல் கிங் நின்று பேசிய இடம். கண்ணில் நீர் வராதவன் கல்நெஞ்சன். எனக்கும் வந்தது. ஆனாலும் விமரிசகன் என்று உட்கார்ந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குப் பாட்டின் இலக்கணமே மாறிப் போயிற்று. 'வரத்தான் போகிறது' என்பது 'வந்துவிட்டது' ஆயிற்று. இந்தப் பாட்டு உயிர் வாழ்வது இன்னும் வராத காலத்தில். வந்துவிட்டது என்று சொன்ன நிமிஷத்தில் அது நல்ல மங்களப் பாட்டாகிவிடுகிறது. இரண்டாவது சரணத்தின் பயத்துக்கு அங்கே இடமில்லை. கொண்டாட்டக் கூட்டத்தைவிட, டெட்ராய்டு வீட்டில் அழுத இரண்டு பெண்கள் பாட்டுக்கு அருகில் இருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

*

தீர்ப்பு என்று ஒன்றை நான் சொன்னால் அது இவ்வளவுதான். கேட்கிறவர்கள் பாட்டுக்குத் தங்கள் சொந்த அர்த்தத்தைக் கொடுப்பது குற்றமில்லை. அப்படிக் கொடுக்காதவன் பாட்டைக் கேட்டவனே அல்ல. ஸாம் குக் 'நான்' என்று பாடியதே அதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு. நோயாளியின் மகன், வேலை போனவன், கடனாளி, பிள்ளையைப் பறிகொடுத்தவள் எல்லோரும் அந்த 'நானில்' ஏறிக்கொள்ளலாம், வண்டி தாங்கும். ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் வீட்டுக்காரருடைய துக்கத்தையும் ஒரு வார்த்தை விசாரிப்பது மரியாதை. விசாரிக்காமலே விருந்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் பசி என்னவோ தீரும்; உறவு உண்டாகாது. 1964 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்காவில் வந்த உரிமைச் சட்டம், ஓட்டல் வாசலில் நிறம் பார்ப்பதைக் குற்றமாக்கியது. பாட்டு பதிவாகி ஐந்து மாதம் கழித்து. அந்த ஒரு மாறுதலைப் பாடினவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தத் 'தான்' இன்னும் கொஞ்சம் கனக்கிறது.

விலாசத்தைக் கிழித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் பயந்ததுபோல, அந்தச் சரணம் பாட்டைச் சிறிதாக்கவில்லை. முழுப் பாட்டைக் கேட்டபோது எனக்கு வழி அடைபடவில்லை. நதியும் வானமும் மட்டும் இருந்தபோது கொஞ்சம் மங்கலாக இருந்த மனிதனுக்குச் சினிமாக் கொட்டகை வாசலில் முகம் வந்தது. முகம் தெரிந்தவன் துக்கத்தில் பங்கு கொள்வது சுலபம். கதை எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஆனால் எனக்கு ஒரு பாட்டுச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

"அது என் அக்காதானே?" என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் ஒரு மாதிரியாகப் பதில் எழுதுகிறேன். "உங்கள் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள்" என்று.

அக்கா மகன் முழுப் பாட்டை எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். பழைய தட்டையும் நான் எறிந்துவிடவில்லை. அதில்தான் அம்மாவின் குரல் இருக்கிறது. புதியதைப் போடும்போது, மூன்றாவது சரணம் வந்ததும் நான் சற்று ஒதுங்கி நின்றுகொள்கிறேன். அது என் இடம் அல்ல. கடைசிச் சரணத்தில் மறுபடி சேர்ந்துகொள்கிறேன். அங்கே, தாழ்வாரத்து பெஞ்சியில், அப்பாவின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எப்போதும்போல உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில், சினிமாக் கொட்டகை வாசலிலிருந்து விரட்டப்பட்ட ஒருவரும் வந்து உட்காருகிறார்.